கிடங்குக்குப் போகும் பாதை

ஆடி 1, வியாழன்

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இந்தக் குடும்பத்தில் என்னைக் கேட்காமலே எல்லாம் நடக்கிறது. கேட்காத இடத்தில் பேசுவதில்லை என்று நானும் கௌரவமாக இருந்து பார்த்தேன். மிச்சம் ரத்த அழுத்த மாத்திரைதான். இனிமேல் பேசப் போகிறேன். வீட்டில் கேட்க ஆள் இல்லை என்பதால் இதில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் மனைவி சாந்தாமணியின் தம்பி குமரேசன் ஈரோட்டில் நூல் ஏஜெண்டு. பெருந்துறை தாண்டி கரட்டுப்புதூரில் ஒரு கிடங்கை வாங்கப் போகிறான். தகரக் கூரை, சிமெண்டுத் தளம், உள்ளே ஒரு பார்சல் கம்பெனி வாடகைக்கு இருக்கிறது. சொந்தக்காரர்கள் பங்கு போட்டு வாங்குவதாக ஏற்பாடு. ஆனி கடைசியிலேயே அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஆடியில் பத்திரம் போடக்கூடாது என்பதால் ஆவணியில் முதல் நல்ல நாளில் பதிவு.

பங்குக்கு யார் யாரையோ கூப்பிட்டிருக்கிறான். அவன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்கூட அதில் இருக்கிறார். நான் இல்லை. எம்.ஏ., பி.எல். படித்தவன். கூட்டுறவு வங்கியில் அடமானத்துக்கு வரும் சொத்துகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதே என் உத்தியோகமாக இருந்தது. அந்த என்னைக் கேட்கவில்லை.

காரணம் தெரியும். முன்பு மூன்று சொத்துகளை இவர்கள் என்னிடம் காட்டினார்கள். மூன்றையும் வேண்டாம் என்றேன். மூன்றும் விலை ஏறிவிட்டன. அன்றிலிருந்து என் பெயர் 'வில்லங்கம்'. குழந்தைகள்கூட முதுகுக்குப் பின்னால் வில்லங்க மாமா என்றுதான் சொல்கிறார்கள். நான் சொன்ன ஆபத்துகள் அந்தச் சொத்துகளில் இருந்தன. அவை நடக்கவில்லை, அவ்வளவுதான். பிரேக் இல்லாத லாரி ஒருநாள் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது என்பதற்காக அதில் பிரேக் இருந்தது என்று ஆகாது. இதை யாரிடம் விளக்குவது.

ஆடி 2, வெள்ளி

ஆடி வெள்ளி. வாசலில் கோலம் போட்டிருந்ததால் பின்வாசல் வழியாகப் போய் வரச் சொன்னாள் சாந்தாமணி. போய் வந்தேன்.

ஆடி 5, திங்கள்

குமரேசன் கிடங்கின் வரவு செலவுக் கணக்கைச் சாந்தாமணியின் போனுக்கு அனுப்பியிருக்கிறான். எனக்கு அனுப்பவில்லை. அவள் மாவு அரைக்கப் போன சமயத்தில் பார்த்தேன்.

மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறான். அவனுடைய பொருளாதாரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வாடகைக்காரர் மூன்று மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்று கணக்கோடு அனுப்பியிருக்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. காலியாகக் கிடந்தால் என்ன வரும் என்று கணக்கில் ஒரு வரி இல்லை. மழையில் கூரை ஒழுகினால் யார் செலவு என்று இல்லை. பங்குதாரர்களில் ஒருவர் பாதியில் விலகினால் அவர் பங்கை யார், என்ன விலைக்கு எடுப்பது என்று இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று போட்டிருக்கிறான்.

சாந்தாமணி வந்ததும் பேச்சுவாக்கில் சொல்வதுபோல், "வாடகைக்காரன் காலி பண்ணீட்டா என்ன பண்ணுவானாம் உன் தம்பி?" என்றேன்.

"என் போனை எதுக்குங்க எடுத்தீங்க?"

"அதை விடு. காலி பண்ணீட்டா?"

"உங்களை யாருங்க கேட்டாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

ஆடி 9, வெள்ளி

பத்திர எண் அந்தக் கணக்கிலேயே இருந்தது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். யாருக்காகவும் இல்லை. பழக்கம், அவ்வளவுதான்.

சுத்தமாக இருக்கிறது. அடமானம் இல்லை, வழக்கு இல்லை, மைனர் பாகம் இல்லை. பட்டா விற்பவர் பெயரிலேயே இருக்கிறது. தாய்ப்பத்திரம் வரை நகல் எடுத்துப் படித்தேன், ஓட்டை எதுவும் தென்படவில்லை. மனம் சோர்ந்துவிட்டது. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஆடி மாத உஷ்ணம்.

ஆடி 12, திங்கள்

மோட்டார் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டில் ஆள் வந்தபோது நம் மோட்டாரையும் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வீட்டுச் சாக்கடை நம் சுவரை அரிப்பதை நான் பஞ்சாயத்து ஆக்கியதை அவர் இன்னும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

ஆடி 15, வியாழன்

ஸ்கூட்டரைச் சர்வீஸுக்கு விட்டு எடுத்தபின் சும்மா கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். கரட்டுப்புதூர் வரை போய்விட்டேன்.

நெடுஞ்சாலையிலிருந்து ஒரு நல்ல தார்ச் சாலை பிரிகிறது. முதலில் ஒரு ரைஸ் மில். அதைத் தாண்டிப் பின்னால்தான் கிடங்கு. சாலை கிடங்கின் வாசலோடு முடிகிறது. பார்சல் லாரி ஒன்று என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. எல்லாம் குமரேசன் சொன்னபடியே இருந்தது. திரும்பியிருப்பேன். பத்திரத்தில் படித்த ஒரு வரி ஞாபகம் வந்தது. கிடங்குக்குப் போகும் வழி 'வடபுறம் வாய்க்கால் கரை வழியாக' என்று எழுதியிருந்தது. இந்தச் சாலையோ தெற்கே இருந்து வருகிறது.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் இருந்தது. கரையும் இருந்தது. சைக்கிளில் போகலாம், எதிரே ஆடு வராமல் இருந்தால்.

மில்லுக்குள் போனேன். உரிமையாளர் நாச்சிமுத்து, என் வயதுதான் இருக்கும், வெள்ளைச் சட்டை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். என் சொந்தக்காரர்கள் வீட்டில் இந்த மரியாதை கிடைத்து எத்தனையோ நாளாயிற்று.

"ரோடு நல்லா இருக்குதுங்க. பஞ்சாயத்து போட்டதுங்களா?" என்றேன்.

"பஞ்சாயத்து எங்கீங்க போட்டுது. நம்ம பட்டா நெலம், நம்ம காசுல போட்டதுங்க. நம்ம லாரி போகோணுமில்ல."

"பின்னாடி கிடங்குக்கும் இதுதானே வழி?"

"அது பங்காளி கிடங்குங்க. ஒண்ணா வளந்தோம். போடா, போயிக்கோடான்னு விட்டு வெச்சேன். இப்ப அவன் விக்கறானாமா."

"வாங்கறவங்களும் இதுலயேதானே வருவாங்க?"

அவர் சிரித்தார். "வாங்கறவங்க எனக்கு யாருங்க? கிரயம் ஆகட்டும். அடுத்த நாள் இங்கொரு கேட்டைப் போட்டுப் பூட்டீருவேன். அப்பறம் பாதை வேணும்னு வருவாங்கல்ல, அப்ப வெலை பேசிக்கலாம். இல்லாட்டி கிடங்கையே கேட்ட வெலைக்கு எனக்குக் குடுத்துட்டுப் போகட்டும்."

"இதை அவங்ககிட்ட முன்னாடியே சொல்லலாமுங்களே?"

"கேட்டாத்தானுங்க சொல்லோணும். நாலு தடவை கார்ல வந்தாங்க. ஒருத்தர்கூட இறங்கி வந்து ஒரு வார்த்தை கேக்கல. நான் எதுக்குங்க வலியப் போய்ச் சொல்றது?"

அந்த வாதத்தில் என்னால் குறை காண முடியவில்லை.

நான் யார், எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆவணியில் ஒருநாள் லாரிகள் அந்தக் கேட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்கும். அன்று குமரேசனிடமிருந்து போன் வரும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல் கிளம்புவேன். என்ன சட்டை என்பதுவரை வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆடி 16, வெள்ளி

வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. குமரேசன் வீட்டில் விருந்து. பங்கு சேர்பவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள், என் தங்கை பூங்கோதையும் வந்திருந்தாள். சாந்தாமணியோடு போனதால் எனக்கும் இலை போட்டார்கள்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டு சுற்றும்போது குமரேசன் குரலை உயர்த்தினான். "மாமா, கரட்டுப்புதூர் கிடங்கைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்னுங்க? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா தைரியமா வாங்கிப்போடுவோம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. தெரியாதவர்களுக்கு அவனே விளக்கினான். "மாமா வேண்டாம்னு சொன்னது ஒண்ணு விடாம ஏறியிருக்குது. வக்கீலுக்குக் குடுக்கற பீஸை இவருக்குக் குடுத்தாப் போதும்."

ஆக, என் 'வேண்டாம்' இவர்களுக்கு முகூர்த்தச் சீட்டு. சரி, இவர்கள் விதிப்படியே ஆடுவோம் என்று தோன்றியது. நான் வேண்டாம் என்றால் வாங்குகிறவர்கள், வாங்குங்கள் என்றால் பயப்பட வேண்டும். தர்க்கம் அதுதானே.

"அருமையான சொத்துங்க. கண்ணை மூடீட்டு வாங்குங்க," என்றேன்.

பந்தல்காரர் வாய்க்குக் கொண்டுபோன வெற்றிலை பாதியில் நின்றது. நான் எதிர்பார்த்ததுதான். பிறகு குமரேசன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "பாருங்க, வில்லங்கமே நல்லா இருக்குதுன்னு சொல்லீருச்சு. இனி என்ன வேணும்?" என்றான். பந்தல்காரர் கைதட்டினார். இன்னொரு முறை பாயசம் ஊற்றினார்கள்.

தர்க்கம் தெரியாதவர்களிடம் தர்க்கத்தால் என்ன செய்ய முடியும். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். பாயசத்தில் முந்திரி அதிகம்.

ஆடி 20, செவ்வாய்

மத்தியானம் சாந்தாமணி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "உங்க தங்கச்சியும் பங்கு சேர்றாங்களாம். வீட்டை விக்கறதுக்குப் பேசியாச்சாம்."

என் தங்கை பூங்கோதை. கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. சூரம்பட்டியில் ஒரு வீடு. கீழே அவள், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். அந்த வாடகையிலும் தையலிலும்தான் அவள் ஜீவனம். அந்த வீட்டைத் தவிர அவளுக்கு வேறெதுவும் இல்லை.

"அவளை யாரு இதுல இழுத்தது? குமரேசனா?"

"அவன் ரெண்டு மாசமாக் கேட்டுட்டுத்தான் இருந்தான். அவங்க வேண்டாம்னு சொல்லீட்டே இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னதைக் கேட்டுட்டுத்தான் சரின்னாங்களாம்." மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "அண்ணன் நல்லாருக்குதுன்னு சொல்லி இத்தனை வருசத்துல ஒண்ணைக்கூடக் கேட்டதில்லை, அவரே சொல்லீட்டாருன்னா அப்பறம் எதுக்கு யோசிக்கோணும்னு சொன்னாங்களாம்."

ஆடி 21, புதன்

மோட்டார் சரியானது. வால்வில் மண். பதிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆடி 23, வெள்ளி

இன்னும் நாள் இருக்கிறது. ரேஷன் கடையில் பருப்பு வந்திருக்கிறது என்றார்கள். போனேன். வரவில்லை.

ஆடி 26, திங்கள்

பூங்கோதை வீட்டுக்குப் போனேன். வீட்டை வாங்கப் போகிறவர் ஏற்கெனவே வந்து அளந்து போயிருந்தார். சுவரில் பென்சில் குறிகள். அவள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணா. நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. இந்த மெஷினை எங்கே கொண்டுபோறதுன்னுதான் யோசனை. வாடகை வீட்டுல சத்தம்னு சொல்லுவாங்க."

"பூங்கோதை, அந்தக் கிடங்கு வேண்டாம்."

அவள் ஊசியிலிருந்து நூலை வெட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பதினெட்டுக்கு நல்லாருக்குதுன்னு சொன்னீங்க."

"அது வேற. அது ஒரு பேச்சுக்கு. அதுக்குப் பாதை இல்லை."

"ரோடு இருக்குதே அண்ணா. நானே கார்ல போனனே."

"அது மில்காரர் ரோடு. கிரயம் ஆன அடுத்த நாள் பூட்டப்போறாரு. அவரே எங்கிட்டச் சொன்னாரு."

"எப்பச் சொன்னாரு?"

உண்மையைச் சொன்னால் பதினெட்டுக்கு முன்னாலேயே என்று சொல்ல வேண்டியிருக்கும். "கொஞ்ச நாளைக்கு முன்னாடி," என்றேன்.

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. குமரேசன் முன்னாடியே சொன்னாரு. உங்களைப் பங்குக்குக் கூப்பிடாம விட்டது தப்பு, கடைசி நேரத்துல வந்து ஏதாச்சும் சொல்லிக் கலைப்பாருன்னு. நான் வேணும்னா பேசறேன். என் பங்குல பாதியைக்கூட உங்க பேருல எழுதிக்கலாம். எனக்கு நீங்க சங்கடப்படாம இருந்தாப் போதும்."

தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வாய்க்கால் கரையைப் பற்றி, பத்திரத்தில் இருக்கும் வரியைப் பற்றி, எதுவும் சொல்லவில்லை. பாதிப் பங்குக்காக வந்து நிற்கிறேன் என்று நினைத்த வீட்டில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க நான் தரகன் இல்லை.

ஆடி 28, புதன்

குமரேசன் போன் செய்தான்.

"மாமா, ரோடு பிரச்சினைன்னு சொன்னீங்களாமா. விக்கறவருகிட்டக் கேட்டுட்டனுங்க. அது எங்க குடும்ப ரோடு, நீங்க கவலையே பட வேண்டாம்னு சொல்லீட்டாரு."

"குடும்ப ரோடுன்னா அவங்க குடும்பத்துக்கு. நீ அந்தக் குடும்பமா?"

"அட, ரோடு ரோடாத்தானுங்க இருக்குது. லாரி போகுது, வருது. கண்ணுல பாத்தோமில்ல."

"மில்காரரைப் போய்க் கேளு."

"சம்பந்தமில்லாதவரைப் போயி என்னத்தைக் கேக்கறது? வெலையை ஏத்தி விடறதுக்கா? மாமா, உங்களுக்கு ஒரு சின்னப் பங்கு ஒதுக்கீரலாமுங்க. அக்காவுக்காக. ஆனா ஒண்ணு, பத்திரம் முடியற வரைக்கும் நீங்க நல்லாருக்குதுன்னே சொல்லீட்டு இருக்கோணும்."

போனை வைத்துவிட்டேன். வங்கியிலும் இதுதான் நடந்தது. என் அறிக்கையைப் படிப்பதற்கு முன்னால், இவருக்கு ஏன் இந்தப் பார்ட்டியைப் பிடிக்கவில்லை என்றுதான் பொதுமேலாளர் விசாரிப்பார். அந்த மேலாளர் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் சௌகரியமாக இருக்கிறார் என்று கேள்வி.

ஆடி 30, வெள்ளி

சுதந்திர தின விடுமுறை. மிட்டாய் கொடுத்தார்கள். பதிவு ஆவணி 6 என்று முடிவாகிவிட்டது. அன்று காலையில் பூங்கோதை வீட்டை விற்கும் பத்திரம், மதியம் கிடங்கு வாங்கும் பத்திரம். இடையில் எல்லோருக்கும் ஒரே ஓட்டலில் சாப்பாடு. ஓட்டலைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சாந்தாமணி சொன்னாள்.

ஆவணி 1, ஞாயிறு

காலையிலிருந்து பூங்கோதைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அந்த மூன்று சொத்துகளைப் பற்றி என் தரப்பு விளக்கம். இரண்டாவதில் குமரேசன் கல்யாணத்தில் எனக்கு மாலை போடாதது. மூன்றாவதில் பொதுமேலாளர். பாதை நான்காம் பக்கத்தின் நடுவில்தான் வருகிறது. ஐந்தில் மறுபடியும் குமரேசன்.

சாந்தாமணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். கடிதத்தை மறைக்க நேரமில்லை. எட்டிப் பார்த்தாள்.

"உங்க தங்கச்சிக்கா?"

"ம்."

"கடிதாசின்னா இவ்வளவு நீளமாவா எழுதுவாங்க. படிக்கறதுக்குள்ள பத்திரமே முடிஞ்சிரும்." போகும்போது நின்றாள். "நெசமாவே அந்த ரோடு பூட்டீருவாங்களா?"

"பூட்டீருவாரு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "என் தம்பிகிட்ட நான் சொன்னாலும் நீங்க சொல்லிக் குடுத்ததுன்னுதான் சொல்லுவான்," என்றாள்.

அது உண்மை. அவள் போனபிறகு ஒன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டேன். பிறகு இரண்டை. பொதுமேலாளரை எடுப்பதுதான் சிரமமாக இருந்தது. அவரையும் பின்னால் வந்த குமரேசனையும் எடுத்தபின், கடிதம் இவ்வளவுதான்:

'கரட்டுப்புதூர் கிடங்குக்குப் பத்திரப்படி வடபுறம் வாய்க்கால் கரைதான் வழி. லாரி போகாது. இப்போது லாரி போகும் தார்ச் சாலை ரைஸ் மில் நாச்சிமுத்துவின் பட்டா நிலம். அவரிடம் கிரயத்துக்கு முன்பே நேரில் போய், வாங்குபவர்களுக்கும் இந்தப் பாதையில் உரிமை உண்டு என்று பத்திரம் எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தந்தால் கிடங்கை வாங்குங்கள். மறுத்தால் வீட்டை விற்காதீர்கள்.'

எழுதியவன் யோக்கியனா, பொறாமைக்காரனா என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. மில் வரை போய்க் கேட்டால் போதும்.

ஆவணி 2, திங்கள்

கையால் எழுதியதைவிட டைப் அடித்த தாளுக்குத்தான் மதிப்பு. அதனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் அடித்து முடித்து ஒருமுறை படித்தாள்.

"கீழ என்ன பேருங்க சார் போடறது?"

போட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டே போனேன்: பெயர், பட்டங்கள், வகித்த பதவி. ஆவணி 6-க்குப் பிறகு குடும்பம் முழுவதும் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வர வேண்டும். அதற்காக இருபது வருடமாகக் காத்திருக்கிறேன்.

"சார்?"

பூங்கோதை இதைப் பிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். முதலில் கடைசி வரிக்குத்தான் கண் போகும். என் பெயர் இருந்தால் ஒரு பெருமூச்சு விடுவாள். பாவம் அண்ணன் என்பாள். மடித்து மெஷின் டிராயருக்குள் வைத்துவிட்டு, பாதிப் பங்கு எழுதித் தருவது பற்றிக் குமரேசனிடம் பேசப் போவாள். பெயர் இல்லாவிட்டால், அண்ணன் சொன்னதையே வேறு யாரோ சொல்கிறார்களே என்று பயப்படுவாள். பயந்தால் ஆட்டோ பிடித்து மில்லுக்குப் போவாள். கேட்டால் சொல்லக்கூடியவர் நாச்சிமுத்து.

"எழுதுனவங்க பேரு இல்லாட்டி யாருங்க சார் நம்புவாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"இந்தப் பேரு இருந்தாத்தாம்மா நம்ப மாட்டாங்க," என்றேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டியே தபால் பெட்டி இருக்கிறது; அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் டைரியை எழுதுகிறேன். மதியத் தபால் எடுக்க இன்னும் ஆள் வரவில்லை. உள்ளூர்த் தபால், நாளையோ மறுநாளோ போய்ச் சேர்ந்துவிடும். உறையில் டைப் அடித்த அவள் விலாசம் மட்டும் இருக்கிறது. கடிதத்தின் கீழே பெயர் எதுவும் எழுதாமல் இப்படியே பெட்டியில் போடப் போகிறேன்.